வர்க்கியின் சுவரில் ராமாயியின் மீட்டர்

கரண்ட் ஆபீஸ் கவுண்டரில் ராமாயி இரண்டு காகிதக் கட்டுகளை வைத்தாள். ஒன்று இணைப்பு கேட்கும் அவளுடைய விண்ணப்பம், இரண்டு பக்கம். மற்றது மேல் வீட்டு வர்க்கிக்கு ஹைகோர்ட் கொடுத்த உத்தரவின் நகல், பதினொரு பக்கம். கவுண்டரில் இருந்தவர் முதல் பக்கத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். நடுவில் இருந்த ஒன்பது பக்கங்களைக் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினார். சட்டம் அந்த ஒன்பது பக்கத்தில்தான் இருந்தது.

“ஏனுங்கம்மா, இது வர்க்கிங்கறவருக்கு வந்த ஆர்டர். நீங்க வர்க்கிங்களா?”

“இல்லைங்கய்யா. அவுங்க மேல் வீடு. நாங்க கீழ் வீடு.”

“அப்ப உங்க பேர்ல ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க. வந்த அன்னிக்கே வேலைய ஆரம்பிச்சர்றோம்.”

நான் அவள் பின்னால் நின்றிருந்தேன். ஜூன் மாத மழை. சுவரோரம் பதினான்கு குடைகள் சொட்டிக்கொண்டிருந்தன. நான் முன்னால் வந்து, ஹைகோர்ட் ஒரு சட்டத்துக்கு இதுதான் பொருள் என்று சொல்லிவிட்டால் அது ஒரு ஆளுக்குச் சொன்னது ஆகாது, அதே நிலையில் இருக்கும் எல்லாருக்கும் சொன்னதுதான் என்று நான்கு வாக்கியத்தில் விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டார். பிறகு, நீங்கள் வக்கீலா என்று கேட்டார். இல்லை, வக்கீல் குமாஸ்தா, நாற்பத்தொரு வருட அனுபவம் என்றேன்.

“அப்பிடிங்களா,” என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

எண்பத்தெட்டுப் படி

ராமாயியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோருடன் கப்பலேறி வந்தவள். முப்பத்திரண்டு வருடம் கொழுந்து பறித்துவிட்டு, ஓவேலிப் பக்கம் ஒரு சரிவில் இரண்டு அறை வீடு கட்டிக்கொண்டாள். கணவர் முத்தையா ஃபேக்டரியில் தேயிலைத்தூள் சலிக்கும் இடத்தில் வேலை பார்த்தவர். தூள் வெளியே போனதில் பாதி அவருடைய நெஞ்சுக்குள் போயிற்று.

மருந்தை ஆவியாக்கி முகமூடி வழியாக இழுக்க வைக்கும் மெஷின் ஒன்று உண்டு. திருப்பூரில் இருக்கும் மகள் வாங்கி அனுப்பியிருந்தாள். ஒரு நாளைக்கு மூன்று வேளை இழுக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரி உத்தரவு. மெஷினுக்கு கரண்ட் வேண்டும். கரண்ட் மேல் வீட்டு வர்க்கியிடம் இருந்தது. கீழ் வீட்டிலிருந்து மேல் வீட்டுக்கு மண்ணில் வெட்டிய படிகள் எண்பத்தெட்டு. நான் இரண்டு முறை எண்ணினேன்.

மூச்சு விட முடியாத மனிதர் மூச்சு விடுவதற்காக ஒரு நாளைக்கு மூன்று முறை எண்பத்தெட்டுப் படி ஏறினார். மாலையில் அந்தப் பாதையில் யானை நின்றால் அன்றைக்கு இரண்டு வேளைதான். மழையில் படி கரைந்தால் ஒரு வேளை.

இதை நான் கவுண்டரில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதற்கும் ஒரு ‘அப்பிடிங்களா’ கிடைத்திருக்கும்.

பசுவும் எருமையும்

முன்தீர்ப்பு என்ற சரக்கின் லட்சணத்தை நான் குமாஸ்தாவான இரண்டாவது வருடமே பார்த்துவிட்டேன். குன்னூரில் ஒரு வழக்கு. ஒருவருடைய மாடு இன்னொருவருடைய கேரட் தோட்டத்தில் இறங்கிவிட்டது. எங்கள் பெரிய வக்கீல் அதே மாதிரி வழக்கில் வந்த பழைய ஹைகோர்ட் தீர்ப்பு ஒன்றைத் தேடிப் பிடித்தார். புத்தகத்தைச் சுமந்தவன் நான். ஒரு மணி பன்னிரண்டு நிமிடம் நின்று படித்தார்.

எதிர் வக்கீல் எழுந்து ஒரே வாக்கியம் சொன்னார். அந்த வழக்கில் பசு, இந்த வழக்கில் எருமை.

முன்சீப் அதை எழுதிக்கொண்டார். கீழ்க் கோர்ட்டில் இருப்பவர் மேல் கோர்ட் சொன்னது தப்பு என்று சொல்ல முடியாது. மனதுக்குள் சொல்லலாம், தாளில் சொல்ல முடியாது. ஆனால், “அந்த வழக்கின் சங்கதி வேறு, இந்த வழக்கின் சங்கதி வேறு” என்று எழுத அவருக்கு முழு அதிகாரம் உண்டு. அந்த ஒரு வாசல் வழியாக எத்தனை எருமைகள் வெளியே போயிருக்கின்றன என்பதற்கு என்னிடம் கணக்கு இருக்கிறது. என் நோட்டில் அறுபத்து மூன்று.

இன்னொன்றும் உண்டு. முப்பது பக்கத் தீர்ப்பில் பிறரைக் கட்டுப்படுத்துவது முக்கால் பக்கம் இருக்கும். எந்தக் காரணத்தால் அந்த முடிவுக்கு வந்தார் என்பதுதான் அந்த முக்கால் பக்கம். மற்ற இருபத்தொன்பதே கால் பக்கத்தில் வழக்கின் கதை, இரு தரப்பும் சொன்னது, நீதிபதிக்குப் போகிற போக்கில் தோன்றியது எல்லாம் இருக்கும். வக்கீல்கள் மேற்கோள் காட்டுவது பெரும்பாலும் அந்த இருபத்தொன்பதே காலிலிருந்துதான்.

சட்டசபை போட்ட முடிச்சு

ஓவேலிப் பக்கம் நிலம் யாருடையது என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். ஜென்மிகள் என்ற பழைய நிலக்கிழார்களிடமிருந்த நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு முன் சட்டசபை ஒரு சட்டம் போட்டது. எஸ்டேட்டுக்காரர்கள் குத்தகைக்கு வைத்திருந்த நிலத்தை என்ன செய்வது என்பதற்கு அதில் பதினேழாம் பிரிவு. அந்தப் பிரிவுக்குள் விழுந்த நிலம் இன்றுவரை எழுந்திருக்கவில்லை. ஊரில் ‘செக்‌ஷன் பதினேழு’ என்று சொன்னால் போதும், பஸ் கண்டக்டருக்கும் புரியும். பட்டா கிடையாது. பட்டா இல்லாததால் கரண்ட் கிடையாது.

பிறகு டெல்லியில் பாராளுமன்றம் மின்சாரச் சட்டம் ஒன்று போட்டது. அதில் ஒரு வரி: கட்டடத்தின் சொந்தக்காரரோ குடியிருப்பவரோ விண்ணப்பித்தால் ஒரு மாதத்துக்குள் மின்சாரம் கொடுக்க வேண்டும். குடியிருந்தாலே போதும், சொந்தக்காரராக இருக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும் வரி. ஆனால் குடியிருப்பவர் என்றால் யார் என்று அவர்கள் எழுதி வைக்கவில்லை. சட்டம் போடுகிறவர்களுக்கு எப்போதும் சாப்பாட்டு நேரம் வந்துவிடும்.

அவர்கள் விட்டதை நீதிபதி நிரப்ப வேண்டும். நம் நாட்டு முறை அதுதான். சட்டசபை வரியை எழுதும், கோர்ட் அந்த வரிக்குப் பொருள் சொல்லும், அந்தப் பொருள் அடுத்தவருக்கும் செல்லும். சட்டசபைக்குப் பிடிக்கவில்லை என்றால் வரியைத் திருத்தலாம். வர்க்கி வழக்கில் நீதிபதி நன்றாகவே நிரப்பினார். பட்டா கேட்காதே, கரண்ட் கொடுப்பதால் நிலத்தில் உரிமை வந்துவிடாது, குடியிருக்கிறாரா என்று மட்டும் பார் என்றார். பதினொரு பக்கத்தில் நான் குறை சொல்ல முடியாத தீர்ப்பு என் வாழ்நாளில் நான்குதான். அதில் இது ஒன்று.

அதை கரண்ட் ஆபீஸ் என்ன செய்தது? வர்க்கிக்கு மட்டும் மீட்டர் வைத்தது. மற்றவர்களைப் பார்த்து, உங்கள் பேரில் ஒன்று வாங்கி வாருங்கள் என்றது. வாங்கி வந்தார்கள். அடுத்த சரிவில் ஒருவர், அதற்கடுத்ததில் இருவர். ஒவ்வொரு உத்தரவும் நான்கே பத்தி: வர்க்கி வழக்கைப் பின்பற்றி இந்த மனுவும் அனுமதிக்கப்படுகிறது. வர்க்கியைச் சேர்த்து இருபத்து மூன்று உத்தரவுகள். எல்லாவற்றுக்கும் மனு எங்கள் ஆபீசில்தான் தயாராயிற்று. என் வக்கீல் நாச்சிமுத்துவுக்கு இதில் வருத்தம் இருந்ததாக நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

ஐந்து டிக்

இங்கே சின்ன இடைவெளி. போன வாரம் ஊட்டி கோர்ட் நூலகத்தில் பன்னிரண்டு நாற்காலி என்று எழுதியிருந்தேன். பதிமூன்று என்று கட்டபெட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கால் உடைந்த நாற்காலியையும் அவர் சேர்த்திருக்கிறார். உட்கார முடியாததை நான் நாற்காலி என்று எண்ணுவதில்லை.

இனி ராமாயியின் மனு. இருபத்து நான்காவது.

மாதிரி மனு ஒன்று இருந்தது. வர்க்கிக்குப் போட்டதுதான் அது. புதிய ஆள் வந்தால் அதில் ஐந்து விஷயம் மாற வேண்டும்: பெயர், கணவர் அல்லது தகப்பனார் பெயர், வயது, விண்ணப்பம் கொடுத்த தேதி, கதவு எண். பென்சிலால் ஒரு தாளில் ஐந்தையும் எழுதி, பக்கத்தில் ஐந்து டிக் போட்டு டைப் செய்யும் பெண்ணிடம் கொடுப்பேன். ஐந்து டிக் இல்லாமல் எந்தத் தாளும் என் மேசையைத் தாண்டியதில்லை. நான் ஓய்வு பெற்ற பிறகும் நாச்சிமுத்து என்னை வாரம் மூன்று நாள் காந்தலிலிருந்து வரச் சொன்னதே இதற்காகத்தான்.

ராமாயி வந்த அன்று கதவு எண் என்னவென்று கேட்டேன். பஞ்சாயத்துக்காரர்கள் சுவரில் எழுதிய எண் இரண்டு மழைக்காலத்தில் கரைந்துவிட்டது, வீட்டுவரி ரசீதைப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். மறுநாள் போன் செய்வாள், அப்போது எழுதிக்கொள்ளலாம் என்று அந்த இடத்தைக் காலியாக விட்டேன். டிக்கை மட்டும் முன்கூட்டியே போட்டுவிட்டேன்.

அவள் மறுநாள் போன் செய்தாள். நான் அன்று வரும் நாள் இல்லை; ஐயா இல்லை என்றதும் வைத்துவிட்டாள். டைப் செய்யும் பெண் தாளில் எண் இல்லாததைப் பார்த்தாள், டிக் இருந்ததையும் பார்த்தாள். மாற்ற வேண்டியதில்லை போலிருக்கிறது என்று கம்ப்யூட்டரில் இருந்த எண்ணை அப்படியே விட்டுவிட்டாள். வர்க்கியின் எண்.

அந்த மனுவோடு சேரும் பிரமாண வாக்குமூலத்தின் கடைசியில், “மேற்கண்டவை எனக்குத் தமிழில் படித்துக் காட்டப்பட்டன, புரிந்துகொண்டு கையொப்பமிட்டேன்” என்று ஒரு வரி இருக்கும். இருபத்து நான்கு பிரமாண வாக்குமூலத்திலும் இருந்தது. அவற்றில் தமிழில் படித்துக் காட்டப்பட்டவை எத்தனை என்று கேட்டால், பூஜ்யம். ஒரு முறை படித்திருந்தால் ராமாயியே சொல்லியிருப்பாள்.

கோர்ட் சொன்ன வீடு

உத்தரவு வந்தது. நான்கு பத்தி, ஆறு வாரக் கெடு. ராமாயி அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி கரண்ட் ஆபீசுக்குக் கொண்டுபோனாள். கவுண்டர்க்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ஒரே வாரத்தில் ஏணியோடு மூன்று பேர் வந்தார்கள். கீழ் வீட்டைத் தாண்டி எண்பத்தெட்டுப் படியும் ஏறிப் போய், வர்க்கி இஞ்சி மூட்டை அடுக்கும் பின்னறைச் சுவரில் ஒரு மீட்டரை வைத்தார்கள். அவருடைய சொந்த மீட்டருக்குப் பக்கத்தில், நான்கு அடி தள்ளி. அதில் ராமாயியின் பெயர்.

வர்க்கி எனக்கு போன் செய்தார். அவர் பேச்சு பாதி மலையாளம்; மதி என்றால் போதும்.

“சாரே, ஒரு மீட்டர் எனக்கு மதி. இவங்க ரெண்டாமதும் கொண்டுவந்து வெச்சிட்டுப் போறாங்க. ஞான் ஒண்ணும் கேட்டிட்டில்ல.”

போனை ஏணிக்காரரிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் மரியாதையாகவே பேசினார். ராமாயி இருப்பது கீழ் வீடு என்று தமக்கும் தெரியும், அந்தம்மாவே பக்கத்தில் நின்று அதைத்தான் சொல்கிறார்கள் என்றார். ஆனால் உத்தரவில் இந்த எண் இருக்கிறது. “கோர்ட் சொன்ன ஊட்டுக்குப் போடாம வேற ஊட்டுக்குப் போட்டா எங்க சோலி போயிருமுங்க.”

யோசித்துப் பாருங்கள். பதினொரு பக்கத் தீர்ப்பின் காரணத்தை எடுத்து இன்னொரு வீட்டுக்குப் பொருத்த அவர்களுக்குத் தெரியாது. நான்கு பத்தி உத்தரவின் தப்பான எண்ணை அச்சு மாறாமல் நிறைவேற்ற மட்டும் தெரியும். இருபத்து மூன்று பேரை அலைக்கழித்த அதே ஆபீஸ், இருபத்து நான்காவது ஆளுக்கு அடுத்தவர் சுவரில் விளக்குப் போட்டது.

இதில் ஆபீசைத் திட்டிக்கொண்டே இருந்திருப்பேன். ஆனால் அந்தப் பென்சில் தாளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஐந்து டிக் இருந்தது. நான்கு விஷயம் இருந்தது. நாச்சிமுத்துவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“ஏனுங்க, நீங்களா?” என்றார். நாற்பத்தொரு வருடத்தில் அவர் என்னிடம் அதற்குமேல் கடுமையாகப் பேசியதில்லை.

திருத்த மனு போட்டோம். தவறு என்னுடையது என்று என் பெயரிலேயே பிரமாண வாக்குமூலம் எழுதினேன். அதைத் தமிழில் எனக்கு நானே உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டேன்.

மழை முடியட்டும்

திருத்த மனு சென்னையில் எண் வாங்கவும், பட்டியலில் வரவும், வந்த அன்று நீதிபதி விடுப்பில் போகவுமாக நாட்கள் போயின. அந்தப் பக்கம் ஜூலை மழையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மேலே பத்துப் படிகள் சரிந்து விழுந்தன. முத்தையா இரண்டு நாள் ஒரு வேளை மருந்துகூட இழுக்கவில்லை. மூன்றாவது நாள் அவரை வர்க்கியும் இரண்டு பேருமாக நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள்.

வர்க்கி பின்னறையின் இஞ்சி மூட்டைகளைத் தன் கூடத்துக்கு மாற்றினார். அந்த மீட்டரிலிருந்து ஒரு பல்பும் ஒரு பிளக்கும் போட்டார். ராமாயி தயங்கினாளாம். அவர் சொன்னதை அவளே எனக்குச் சொன்னாள். கோடதி என்றால் கோர்ட், தாமசம் என்றால் குடியிருப்பு:

“கோடதி சொல்லியாச்சல்லோ, நீங்க இந்த வீட்டிலதான் தாமசம்னு. மழை கழியட்டே. பின்னே பாக்கலாம்.”

ஆக, வெளிச்சம் வீட்டுக்கு வரவில்லை என்பதால் வீடு வெளிச்சத்துக்குப் போயிற்று. அடுப்பு, இரண்டு பெட்டி, நான்கு கோழி, மெஷின். முத்தையா மூன்று வேளையும் இழுத்தார். நான் ஆகஸ்டில் போனபோது நின்றபடியே என்னோடு ஆறு நிமிடம் தொடர்ந்து பேசினார். முன்பு ஒரு வாக்கியத்துக்கு இரண்டு முறை நிறுத்துவார்.

செப்டம்பரில் திருத்த உத்தரவு வந்தது. நீதிபதி எண்ணை மாற்ற எடுத்துக்கொண்ட நேரம் ஒன்றரை நிமிடம் என்று எங்கள் சென்னை ஜூனியர் சொன்னார். கீழ் வீட்டை ஆய்வு செய்து, மனுதாரர் அங்கே குடியிருந்தால் இணைப்பு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. ‘குடியிருந்தால்’ என்பது வர்க்கி தீர்ப்பிலிருந்து வந்த சொல். சரியான சொல். இருபத்து மூன்று பேருக்கு விளக்கேற்றிய சொல்.

ஆய்வுக்கு ஒருவர் வந்தார். கீழ் வீடு பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். அடுப்பு இல்லை. மேலே ஏறிப் போய் ராமாயியிடம் எங்கே தூங்குகிறீர்கள் என்று கேட்டார். அவள் பொய் சொல்லாதவள். இங்கேதான் என்றாள். அவர் மூன்று வரி எழுதினார்: மேற்படி வீட்டில் எவரும் குடியிருக்கவில்லை. மனுதாரர் வேறு முகவரியில் தம் பெயரிலுள்ள மின் இணைப்புடன் வசிக்கிறார். ஆகவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

நான் அந்த மூன்று வரியைப் பல முறை படித்தேன். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

மணித்தியாலம்

முத்தையா கீழ் வீட்டைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். அது அவர் கையால் கல் அடுக்கிய வீடு. பூட்டிய வீட்டுக்குள் காட்டுப்பன்றி ஒரு முறை புகுந்துவிட்டது. செக்‌ஷன் பதினேழு நிலத்தில் ஆளில்லாத வீட்டை நாளைக்கு யாரும் வந்து, இது யாருடையது என்று கேட்கலாம். காட்ட அவளிடம் பட்டா இல்லை. குடியிருப்பது ஒன்றுதான் அவளிடம் இருந்த ஆவணம். அதையும் நாங்கள் வாங்கிக்கொண்டோம்.

மீண்டும் ஒரு மனு போடலாம் என்று நாச்சிமுத்து சொன்னார். புதிய ஆய்வு கேட்கலாம். அதற்கு அவள் கீழ் வீட்டில் குடியிருக்க வேண்டும். அவள் கீழே போனால் மெஷினுக்கு கரண்ட் இல்லை. அவள் மட்டும் போய் முத்தையா மேலேயே இருந்தால், குடும்பம் மேலேதான் இருக்கிறது என்று எழுதுவார்கள்.

இதையெல்லாம் ராமாயிக்கு ஆபீஸ் பெஞ்சில் வைத்து விளக்கினேன். ஓவேலியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். முடித்த பிறகு கேட்டாள்.

“ஒரு நாளைக்கி எத்தனை மணித்தியாலம் இருந்தா குடியிருக்கிறதா எழுதுவாங்க, ஐயா? அவருக்கு மருந்து குடுக்கிற நேரம் போக மத்த நேரம் நான் கீழ போய் இருக்கிறேன்.”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவளைப் பெஞ்சிலேயே உட்கார வைத்துவிட்டு அலமாரியைத் திறந்தேன். வாடகைச் சட்டத்தில் பார்த்தேன், வரிச் சட்டத்தில் பார்த்தேன், கம்ப்யூட்டரில் தேடச் சொன்னேன். குடியிருப்பது என்பதற்குப் பத்தொன்பது தீர்ப்புகள் கிடைத்தன. ஒருவருடைய மனதைப் பொறுத்தது என்றது ஒன்று. வழக்கின் சங்கதியைப் பொறுத்தது என்றன பதினொன்று. அடுப்பைப் பார்க்க வேண்டும் என்றது ஒன்று. மற்றவை ஒன்றையொன்று மேற்கோள் காட்டியிருந்தன. மணிக்கணக்கு எதிலும் இல்லை.

அவள் எழுந்து நின்றாள். ஒன்றே முக்கால் பஸ்ஸை விட்டால் மாலை மருந்துக்குப் போய்ச் சேர முடியாது.

“நாலு மணித்தியாலம்,” என்றேன். “ஒரு அடுப்பையும் கொண்டுபோய் வை.”

அவள் தலையசைத்துவிட்டுப் போனாள். எந்தத் தீர்ப்பு என்று கேட்கவில்லை.

காலையில் பத்து மணிக்கு இறங்கிப் போய், கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்துவிட்டு, இரண்டு மணிக்கு ஏறி வருகிறாளாம். ஒரு நாளும் தவறுவதில்லை என்று வர்க்கி சொல்கிறார். அந்த வீட்டில் கடிகாரம் இல்லை. மேலிருந்து மணியைக் கூவிச் சொல்வது அவர்தானாம்.